சீருடையைக் கழற்றிய பிறகு

(மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு ஞாயிறு மாலை கோயில் மண்டபத்தில் பேசியது. பேசியபடியே, அங்கங்கே மட்டும் சீர்செய்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி கொஞ்சம் இரைகிறது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். சீருடை, தொப்பி, நிமிர்ந்த முகம். கீழே ‘கேப்டன் ஜானகி’ என்று பெரிய எழுத்து. ஏற்பாடு செய்த தம்பிகளைக் குறை சொல்லவில்லை. தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்த காலமெல்லாம் நானும் இந்த மாதிரிப் படத்தைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நேதாஜியின் பெண்கள் படையில் கேப்டனாக இருந்த ஜானகி அம்மாள் 1925 பிப்ரவரி 25-இல் கோலாலம்பூரில் பிறந்தார். 2014 மே 9-இல் இறந்தார். 89 வயது. அதில் சீருடை போட்டிருந்த காலம் இரண்டு வருடத்துக்கும் குறைவு. மீதி 87 வருடம் எங்கே போயிற்று? பதாகையில் இடமில்லை என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது. இன்றைக்கு அந்த மீதியைப் பேசலாம் என்று வந்தேன். ஆனாலும் அந்த இரண்டு வருடத்தைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்குகிறார். ஜப்பான்காரன் காலம். நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வைத்த வருடமும் அதுதான். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் குடும்பங்களில் அந்தக் கதை இல்லாத குடும்பம் குறைவு. அந்த நேரத்தில் போஸ் மலாயா முழுக்கப் போய், ‘பணம் கொடு, நகை கொடு, ஆள் கொடு’ என்று கேட்கிறார். கோலாலம்பூரில் அவர் பேச்சைக் கேட்ட 18 வயதுப் பெண் ஜானகி, காதில் கிடந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். தோடு போனது வீட்டில் ஒரு சண்டை. அப்புறம் ‘நானும் படையில் சேருகிறேன்’ என்றதும் பெரிய சண்டை. வசதியான வீடு, அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. பிடிவாதம் பிடித்துத்தான் அவரை இறங்கி வர வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், ஜானகி அம்மாளின் அரசியல் அந்த வீட்டுக் கூடத்தில்தான் ஆரம்பித்தது.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்குப் பயிற்சி முகாம் திறந்தார்கள். தலைவி டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், சென்னையில் பிறந்தவர், சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்தவர். படையில் சேர்ந்த சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில். பங்களா வீட்டிலிருந்து போன ஜானகிக்கு முகாம் வாழ்க்கை முதலில் ஒட்டவே இல்லை. நம் தோட்டத்துப் பெண்களுக்கு அது புதிதா என்ன? விடிவதற்கு முன் எழுந்து பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்பது அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். ‘பெரட்டு’ என்கிற நம் சொல்லே வெள்ளைக்காரனின் ‘பரேட்’ உருமாறி வந்தது என்று சொல்வார்கள். தோட்டத்துக் கணக்கர், நம் கிராணி, பெயர் கூப்பிட நின்ற கால்கள்தான் முகாமிலும் நின்றன. வித்தியாசம் என்னவென்றால், தோட்டத்தில் நின்றது துரைக்காக.

என் அம்மாவின் சின்னம்மா அதில் ஒருத்தி. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பால்வெட்டுக்காரி. அந்தப் பாட்டி எழுபது வயதில்கூட, நாங்கள் வாசலில் ஓடிப்பிடித்து விளையாடும்போது ‘தாஹினே முட்’ என்று ஓர் அதட்டல் போடும். எங்களுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவோம். வலப்பக்கம் திரும்பு என்று அர்த்தமாம். பாட்டிக்கு மறுபடி வருகிறேன்.

ஜானகி கேப்டன் ஆனார், படையில் இரண்டாம் நிலைத் தலைவியும் ஆனார். பர்மாவுக்குப் போனார்கள். 1944-இல் இம்பாலில் படை தோற்றது. ராணிகள் போர்முனையில் இறங்கிச் சண்டை போடும் நாள் வரவே இல்லை. ‘அப்படியென்றால் என்ன பெரிய வீரம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் 1945 ஏப்ரலைக் காட்டுவேன். பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்குகிறது. ஏப்ரல் 24 இரவில் போஸ் ராணிகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். பகலில் விமானம் குண்டு போடும் என்பதால் இரவில்தான் பயணம். வண்டிகள் நின்ற பிறகு நடை. போஸும் அவர்களோடு நடந்தார். அந்தப் பெண்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் ஜானகி. இருபதே வயது. பாங்காக் போய்ச் சேர மூன்று வாரம் போல ஆனது. முன்னேறிப் போகும் படையை நடத்துவது ஒரு வேலை. தோற்றுத் திரும்பும் படையைச் சிதறாமல் கூட்டி வருவது வேறு வேலை, அதற்கு வேறு மாதிரி மனது வேண்டும். பிற்காலத்தில் அரசியலில் அவருக்குக் கைகொடுத்தது இந்த இரண்டாவது வேலை என்று நினைக்கிறேன்.

சரி, படை கலைந்தது. இனி சீருடை இல்லாத கதை.

போர் முடிந்தபோது தோட்டங்கள் இருந்த நிலை உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். கஞ்சிக்கு வழியில்லை, கட்டத் துணியில்லை, மலேரியா. சயாமுக்குப் போன அப்பன் திரும்பாத பிள்ளைகள். 1946-இல் நேரு மலாயா வந்தார். இந்தியாவிலிருந்து காங்கிரஸ் மருத்துவக் குழு ஒன்றும் வந்தது. ஜானகி அந்தக் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார். துப்பாக்கி பிடித்த கைக்கு அடுத்து கிடைத்தது மருந்துப் பெட்டி. அதே வருடம் ஆகஸ்டில் ஜான் தீவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ், நம் ம.இ.கா., பிறந்தது. தீவியும் நேதாஜி இயக்கத்திலிருந்து வந்தவர்தான். அவருக்குத் துணை நின்று கட்சியை உருவாக்கியவர்களில் ஜானகியும் ஒருவர். வயது 21.

இன்றைய ம.இ.கா.வை மனதில் வைத்து அன்றைய ம.இ.கா.வை எடை போடாதீர்கள். அது வேறு பிராணி. தொடங்கிய கையோடு, பிரிட்டிஷார் எழுதிய அரசியலமைப்புத் திட்டத்தை எதிர்த்த கூட்டணியில் போய் நின்றது. டான் செங் லோக் தலைமை தாங்கிய அந்தக் கூட்டணி 1947 அக்டோபர் 20-இல் நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தியது. அப்புறம் 1948 ஜூன் 16. அந்தத் தேதியை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கேதான், எல்பில் தோட்டத்திலும் பக்கத்திலும், மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதியும் நேதாஜி படையில் இருந்தவர். 1949 மே 4-இல் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ஒரே படையிலிருந்து வந்தவர்களுக்கு 1945-க்குப் பிறகு பாதைகள் பிரிந்தன. ஒருவருக்குத் தூக்குமேடை. ஒருவருக்குக் கட்சி அலுவலகம். டாக்டர் லட்சுமி பர்மாவில் பிடிபட்டு இந்தியா போனார், கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார், பிற்பாடு மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்தும் நின்றார். தோற்போம் என்று தெரிந்தே நின்ற போட்டி. தலைவி எதிர்க்கட்சி வரிசையில், துணைத் தலைவி ஆளும் கூட்டணிக் கட்சியில். ஆனால் இருவரும் போய் உட்கார்ந்தது நாடாளுமன்றத்தின் மேலவை. ஆம், நம் ஜானகி அம்மாளும் மலேசிய மேலவையான டேவான் நெகாராவில் செனட்டர் ஆனார்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். செனட்டர் என்றால் என்ன? நம் மேலவையில் 70 பேர். 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும், மாநிலத்துக்கு இரண்டு பேர். மற்ற 44 பேரும் மாமன்னரின் நியமனம். நீங்களும் நானும் ஓட்டுப் போட்டு ஒருவரையும் அங்கே அனுப்ப முடியாது. மேலவை ஒரு மசோதாவைத் தாமதப்படுத்தலாம், பண மசோதா என்றால் ஒரு மாதம், மற்றதென்றால் ஒரு வருடம். கொல்ல முடியாது. மலையாளி கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர், ‘அப்படியென்றால் அது மாலைக்குப் பதில் கொடுக்கும் நாற்காலிதானே’ என்றார். முழுக்கத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கட்சி மேடையில் பெண்களைக் குத்துவிளக்கு ஏற்றவும் தேத்தண்ணி கலக்கவும் மட்டும் கூப்பிட்ட காலத்தில் வளர்ந்தவர் அந்த அம்மாள். அவையில் எழுந்து நின்றால் அவர் பேச்சு குறிப்பேட்டில் ஏறும். அது சின்ன விஷயம் என்று ஆண்கள்தான் சொல்வார்கள்.

வீட்டில் இன்னொரு செனட்டரும் இருந்தார். கணவர் டான் ஸ்ரீ ஆதி நாகப்பன், பத்திரிகைக்காரர், வழக்கறிஞர், பின்னாளில் அமைச்சர். 1965-இல் நகராண்மைக் கழகத் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். உள்ளாட்சிகளைப் பற்றி ஆராய அரசு அமைத்த விசாரணை ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். தேர்தல் மறுபடி நடக்க வேண்டும் என்று 1968-இல் அறிக்கை கொடுத்தார்கள். அரசு அதை ஏற்கவில்லை. 1976-இல் சட்டம் போட்டு உள்ளாட்சித் தேர்தலையே எடுத்துவிட்டார்கள். அதே வருடம் அவரும் காலமானார். நம் வீட்டு வாசலில் கால்வாய் அடைத்துக்கொண்டால் இன்றைக்கும் நாம் போய் நிற்பது நியமன உறுப்பினரிடம்தான். நியமன நாற்காலியில் உட்கார்ந்த குடும்பம்தான், மக்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்றும் எழுதிக் கொடுத்தது. இந்த முரண் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்திய அரசு 2000-இல் ஜானகி அம்மாளுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அதுவும் சீருடைக் காலத்தை நினைத்துத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனத்தாங்கல் ஒன்று உண்டு. அது அந்த அம்மாள் மேல் இல்லை. ஆபீசராக இருந்தவர்கள் படித்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். படை கலைந்ததும் அவர்களுக்குக் கட்சி இருந்தது, அவை இருந்தது. சிப்பாயாக இருந்த பெண்கள் திரும்பிப் போனது அதே லயத்துக்கு. அதே மங்கு, அதே உளி, அதே பால் வாளி. ஆரம்ப கால ம.இ.கா. கூட்டங்களில் ஆங்கிலம்தான் ஓடியது. இந்த ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1955-இல் தலைவரான பிறகுதான் தோட்டத்து ஆள் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெறும் நிலை வந்தது. அப்போதும் மேடையில் ஏறியவர்கள் ஆண்கள். ராணி படையில் இருந்த ஒரு பால்வெட்டுக்காரியை ‘வா, கிளைத் தலைவியாக இரு’ என்று யாராவது கூப்பிட்டார்களா? எங்கள் பாட்டியை யாரும் கூப்பிடவில்லை.

பாட்டியிடம் வருகிறேன் என்றேன் இல்லையா. 1959 ஆகஸ்டில் பொதுத்தேர்தல். சுங்கை சிப்புட் தொகுதிக்கு முதல் தேர்தல், சம்பந்தன் நிற்கிறார். குடியுரிமைத் தாள் கையில் வந்து பாட்டி போட்ட முதல் ஓட்டும் அதுதான். அம்மா கூடப் போயிருந்தார், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரிசையில் மற்ற பெண்கள் கதை பேசிக்கொண்டு சாய்ந்தும் சரிந்தும் நிற்க, பாட்டி மட்டும் குதிகால் சேர்த்து, கையை விலாவில் ஒட்டி, கண்ணை நேராக வைத்து நின்றதாம். ‘என்ன சின்னம்மா, இது பெரட்டா?’ என்று அம்மா கிண்டல் செய்திருக்கிறார். பதில் இல்லை. முறை வந்தது. ஓட்டுப் பெட்டி இருந்த அறை வலப்பக்கம். பாட்டி தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டதாம், ‘தாஹினே முட்’. திரும்பி, உள்ளே போனது.