நாவலை வச்சு சமூக அறிவியல் நடத்துறது எப்படி? நாலு வாரத் திட்டம்

வணக்கம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்குறவங்களுக்கான வீடியோ இது. கதை சொன்னா பிள்ளைங்க காது கொடுத்துக் கேப்பாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். கேட்டதுக்கு அப்புறம் என்ன செய்யுறதுங்கிற இடத்துலதான் சறுக்குது. நாலு வாரம் நாவல் படிச்சுட்டு, கடைசியில "உனக்குப் பிடிச்ச கதாபாத்திரத்தைப் பத்தி எழுது"ன்னு கேட்டா, அது மொழிப்பாடம் ஆயிடுது. நம்ம வகுப்புல கேக்க வேண்டியது வேற: "இந்த எழுத்தாளர் சொல்றது நடந்ததா? உனக்கு எப்படித் தெரியும்?"

முதல்ல புத்தகத் தேர்வு. பிடிச்ச நாவலை எடுத்துக்கிட்டு அதுக்குப் பாடம் தேடாதீங்க. எந்தப் பாட அலகு, அதுல பிள்ளைங்களுக்கு எது புரிய மாட்டேங்குதுன்னு ஒரு வரியில எழுதிக்கிட்டு, அப்புறம் நாவலைத் தேடுங்க. 120லிருந்து 180 பக்கத்துக்குள்ள இருக்கணும். முக்கிய கதாபாத்திரம் 10லிருந்து 14 வயசுக்குள்ள இருந்தா நல்லது. எது நிஜம், எது கற்பனைன்னு ஆசிரியரே பின்னுரையில சொல்லியிருந்தா அந்தப் புத்தகத்தை விட்டுடாதீங்க. பாதி வேலை மிச்சம்.

ஒரு உதாரணத்தை முழுசா எடுத்துக்குவோம். லோயிஸ் லோரி எழுதின 'நம்பர் தி ஸ்டார்ஸ்', 1989ல வந்தது. 1943ல, ஜெர்மனி பிடிச்சு வச்சிருந்த டென்மார்க்ல நடக்குற கதை. பத்து வயசு ஆன்மரியோட குடும்பம், அவளோட யூதத் தோழி எலனை நாஜிகள்கிட்ட இருந்து காப்பாத்தி, படகுல ஸ்வீடனுக்குத் தப்பிக்க உதவுது. 17 அத்தியாயம், கூடவே பின்னுரை.

நேரக் கணக்கைப் பாருங்க. சத்தமா வாசிக்க ஒரு பக்கத்துக்கு 2 நிமிஷம்னு வச்சாலும், 140 பக்கத்துக்கு 280 நிமிஷம். 40 நிமிஷ பீரியட்ல ஏழு பீரியட் வாசிப்புலயே போயிடும். வாரத்துக்கு 3 பீரியட், மொத்தம் 12தான் கையில இருக்குன்னா இது கட்டாது. அதனால அஞ்சு அத்தியாயத்தை மட்டும் வகுப்புல நீங்க வாசிங்க. மீதியை வீட்டுல படிக்கட்டும். வேகமா வாசிக்க வராத பிள்ளைங்களுக்கு அத்தியாயத்துக்கு ஆறு வரியில கதைச்சுருக்கம் கொடுத்துடுங்க. கதை தெரியலங்கிற ஒரே காரணத்துக்காக எந்தப் பிள்ளையும் பேச்சுல இருந்து ஒதுங்கிடக் கூடாது.

இப்போ நோட்டு. இதுதான் முழுத் திட்டத்துக்கும் முதுகெலும்பு, கொஞ்சம் நிதானமா சொல்றேன். பக்கத்தை மேலிருந்து கீழா கோடு போட்டு நாலு பத்தியாப் பிரிக்கச் சொல்லுங்க. முதல் பத்தியில பக்க எண். ரெண்டாவதுல நாவல் என்ன சொல்லுது. மூணாவதுல, இதைச் சரிபார்க்க எந்த மாதிரி ஆவணம் வேணும். நாலாவதுல, தேடினப்போ கிடைச்சது என்ன. அத்தியாயத்துக்கு ரெண்டு வரி போதும். அஞ்சு, ஆறுன்னு கேட்டீங்கன்னா பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளையோட நோட்டைப் பாத்து எழுத ஆரம்பிச்சுடுவாங்க.

மூணாவது பத்தியிலதான் பிள்ளைங்க திணறுவாங்க. "இணையத்துல பாக்கணும்"னு எழுதுவாங்க. அதை ஏத்துக்காதீங்க. அரசு அறிவிப்பா, செய்தித்தாளா, வரைபடமா, அந்தக் காலத்து ஆள் சொன்ன நினைவுக்குறிப்பா? பேரைச் சொல்லி எழுத வைங்க. முதல் ரெண்டு தடவை கரும்பலகையில நீங்களே செஞ்சு காட்டணும்.

உதாரணத்துக்கு, இந்தக் கதையில ஆன்மரியோட குட்டித் தங்கைக்கு மீன்தோல்ல செஞ்ச செருப்பு வருது, அவ அழுவா. பிள்ளைங்க சிரிச்சுட்டுத் தாண்டிடுவாங்க. அங்க நிறுத்துங்க. மாட்டுத்தோல் எங்க போச்சு? அங்கிருந்து போர்க்காலத் தட்டுப்பாடு, பங்கீடு, யார் எதை எடுத்துக்கிட்டாங்கன்னு பொருளாதாரப் பாடம் தானா விரியும். இன்னொரு இடத்துல, மோப்ப நாயை ஏமாத்த ஒரு கைக்குட்டை வருது. இது கட்டாயம் கற்பனைன்னு பெரும்பாலான பிள்ளைங்க குறிப்பாங்க. காய்ஞ்ச முயல் ரத்தமும் கொக்கெயினும் கலந்த பொடியைத் தடவின கைக்குட்டைகளை நிஜமாவே பயன்படுத்தினாங்கன்னு பின்னுரை சொல்லுது. நம்பும்படியா இருக்குறதும், நிஜமா நடந்ததும் ஒண்ணு இல்லைன்னு அங்க அவங்களே கண்டுபிடிப்பாங்க. அதனால பின்னுரையை முன்னாடியே வாசிச்சுடாதீங்க. பத்தாவது பீரியட் வரைக்கும் மூடியே இருக்கட்டும்.

வரைபடம் ரெண்டாவது பீரியட்லயே வரணும். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவுல கடல் ரொம்பக் குறுகின இடத்துல சுமார் 4 கிலோமீட்டர்தான். கதையில படகு கிளம்புறது அங்க இருந்து இல்ல, இன்னும் வடக்க இருக்குற கில்லெலையேங்கிற மீனவ ஊர்ல இருந்து. அளவுகோலை வச்சு ரெண்டு தூரத்தையும் அளக்கச் சொல்லுங்க. "கிட்ட இருக்கிற இடத்தை விட்டுட்டு ஏன் தூரமா இருக்கிற இடம்?"னு கேளுங்க. ரோந்து, துறைமுகம், யார் கண்ணுல படும்னு பதில்கள் வரும். எது ஊகம், எதுக்கு ஆதாரம் இருக்குன்னு அங்கேயே பிரிச்சு எழுத வைங்க.

அடுத்தது, நாவல் சொல்லாம விட்டது. இதைப் பல பேர் செய்யுறதே இல்ல, எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது இதுதான். ஒரு சிறுமியோட கண்ணு வழியா பாக்குற கதை, அவ பாக்காததைக் காட்டாது. 1943 அக்டோபரை ஒட்டி ஏறக்குறைய 7,200 யூதர்கள் ஸ்வீடனுக்குத் தப்பிச்சாங்க. சுமார் 470 பேர் பிடிபட்டு, நாஜிகளோட தெரேசியன்ஸ்டாட் சிறை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டாங்க. அதே கில்லெலையேல தேவாலயப் பரண்ல ஒளிஞ்சிருந்த சுமார் 80 பேர் பிடிபட்டாங்க. படகுல ஏத்துறதுக்குப் பணம் வாங்கின மீனவர்களும் இருந்தாங்க. யூதர்களைக் கைது செய்யப்போறாங்கன்னு முன்கூட்டியே தகவல் கசியவிட்டவர் டுக்விட்ஸ்ங்கிற ஜெர்மன் அதிகாரி. இந்த அஞ்சையும் தனித்தனி சீட்டுல எழுதி, குழுவுக்கு ஒண்ணு கொடுங்க. "இது தெரிஞ்சதுக்கு அப்புறம் நாவலைப் பத்தி உங்க கருத்துல என்ன மாறுது?" இந்த ஒரு கேள்விக்கே ஒரு பீரியட் பத்தாது.

யூதர்களை அடையாளம் காட்ட நாஜிகள் அணியச் சொன்ன மஞ்சள் நட்சத்திரத்தை டென்மார்க் மன்னரும் அவங்களோட சேர்ந்து அணிஞ்சாருன்னு எங்கேயாவது படிச்சிருக்கிற பிள்ளை ஒண்ணு எழுந்து சொல்லும். அது கட்டுக்கதை. டென்மார்க்ல யூதர்களை அந்த நட்சத்திரத்தை அணியச் சொல்லிக் கட்டாயப்படுத்தவே இல்ல. உடனே "தப்பு"ன்னு உக்கார வைக்காதீங்க. அதையும் நோட்டுல ஒரு வரியா ஏத்தி, மூணாவது, நாலாவது பத்தியை நிரப்பச் சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் செய்யவே செய்யாதீங்க: சிலரைச் சிப்பாயாவும் சிலரைத் துரத்தப்படுறவங்களாவும் நிறுத்தி நடிக்க வைக்கிறது. பிள்ளைங்களைக் காயப்படுத்தும், இல்லைன்னா விளையாட்டாயிடும். ரெண்டுமே அந்த மனுஷங்களுக்குச் செய்யுற அவமரியாதை. அதுக்குப் பதிலா, முடிவெடுக்கிற கட்டத்துல வாசிப்பை நிறுத்துங்க. "இந்த நேரத்துல இவங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, என்னென்ன வழி இருக்கு?" மூணையும் பட்டியல் போடச் சொல்லுங்க. "நானா இருந்தா சண்டை போட்டிருப்பேன்"னு இன்னைக்குக் கண்ணோட்டத்துல பேசுறது அதுலயே குறைஞ்சிடும்.

மதிப்பீட்டுக்கு 20 மார்க்ல ஒரே கட்டுரை. கேள்வி இப்படி: "நாவல்ல வர்ற ஒரு சம்பவத்தை எடுத்துக்கோ. அது நடந்திருக்கும்னு நம்பலாமா? ரெண்டு சான்றோட விளக்கு." சான்றுக்கு 8, காரணத்தை விளக்குறதுக்கு 6, நாவல் விட்டுட்டதைச் சொல்றதுக்கு 4, தெளிவான எழுத்துக்கு 2. கதையைத் திருப்பிச் சொன்னதுக்கு மார்க் இல்லைன்னு முதல் நாளே சொல்லிடுங்க. சான்றுன்னு நாவலோட பக்க எண்ணையே யாராவது எழுதியிருந்தா, மார்க்கைக் குறைச்சுட்டு விட்டுடாதீங்க. நோட்டோட நாலாவது பத்தியைத் திறந்து வச்சு, கட்டுரையில சான்று வர்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்க.