பாடப் பாட ராகம்

மேடையில் இருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து இன்றைக்குப் பொன்னாடையும் போர்த்திய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கோத்தகிரியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் இந்த மழையில் பஸ் பிடித்து வந்த நண்பர்களே, மதியத்திலிருந்து நனைந்துகொண்டே மைக் செட் கட்டிய தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். நகர்மன்ற உறுப்பினர் அம்மா வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, கடைசியில் கேட்கிறேன்.

ராக் இசை பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். சின்ன வயதில் அந்த இசை எங்களுக்கு எப்படிக் கிடைத்தது, கச்சேரியை நேரில் கேட்பதில் அப்படி என்ன இருக்கிறது, அப்புறம் நம் நீலகிரி மலையில் கோத்தர் பழங்குடியினர் வாசிக்கும் குழலுக்கும் கொம்புக்கும், நம் பிள்ளைகளின் கிடாருக்கும் ஏன் ஒரு மேடை வேண்டும். என் அம்மா அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: பாடப் பாட ராகம், மூட மூட ரோகம். வாயை மூடினாலும் ரோகம், வீட்டை மூடி வைத்தாலும் ரோகம் என்பார். இன்றைக்கு முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளில் அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். முதலில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு, அப்புறம் கேசட். பஜாரில் ரெக்கார்டிங் கடை இருந்தது. பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் தொண்ணூறு நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். ஜூலை மழையில் கேசட்டுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். டேப்பை வெளியே இழுத்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் காய வைப்போம். டீப் பர்ப்பிள், லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்டு என்ற ராக் குழுக்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தது அடுப்புச் சூட்டில் காய்ந்துதான்.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸ் 2002 ஏப்ரலில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாட வந்தார். நாங்கள் நான்கு பேர் இங்கிருந்து கூடலூர் வழியாக மைசூர் பஸ்ஸில் கிளம்பினோம். வீரப்பன் காட்டில் இருந்த காலம் அது. கக்கநல்லா செக்போஸ்டில் எல்லாரையும் இறக்கிப் பையைச் சோதித்தார்கள். என் நண்பன் சட்டைப் பையில் பழைய கேசட் ஒன்று, மேலே ஒரு எழுத்து கிடையாது. அந்தக் காவலருக்கு முகம் மாறிவிட்டது. ராஜ்குமாரைக் கடத்தி வைத்திருந்தபோது வீரப்பன் காட்டுக்குள்ளிருந்து கேசட்டில் பேசித்தானே அனுப்பினான், அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. உள்ளேயிருந்து ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன்னை எடுத்து வந்து மேசையில் வைத்துக் கேசட்டைப் போட்டார்கள். பிங்க் ஃபிளாய்டின் 1975ஆம் வருட ஆல்பம் அது. முதல் பாட்டில் மனிதக் குரல் வருவதற்கே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பனி இறங்குகிற மாதிரி மெதுவாக ஒரு ஓசை, நீண்டுகொண்டே போகிறது. காவலர் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். டிரைவர், கண்டக்டர், காய்கறி மூட்டைக்காரர், குழந்தையோடு ஒரு அம்மா, பஸ் மொத்தமும் சுற்றி நிற்கிறது. யாரும் பேசவில்லை. நாலாவது நிமிடம் நெருங்கும்போது கிடாரில் நாலே நாலு சுரம் விழுந்தது பாருங்கள், அதுவரை அழுதுகொண்டிருந்த குழந்தை நிறுத்திவிட்டது. “பாட்டு எப்பய்யா வரும்?” என்றார் காவலர். “இப்ப வந்துரும் சார்” என்றோம். ஒருவழியாகக் குரல் வந்தது. இரண்டு வரி கேட்டுவிட்டு, “இங்கிலீஷா? போங்க தம்பி” என்று கேசட்டைக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் ஏறியதும் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு படுகர் பாட்டி எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “பாட்டு கேக்கவா இவ்வளவு தூரம் போறீங்க? நம்ம ஊர்ல வந்து பாட மாட்டாங்களா?”

அன்று இரவு பேஸ் கிடாரின் அதிர்வில் என் சட்டைத் துணி நெஞ்சில் ஆடியதை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். கேசட்டில் இருபது வருடம் கேட்டும் தெரியாத ஒன்று அது. முன்பின் தெரியாத ஒருவர் என் தோளில் கைபோட்டுக்கொண்டு கூடவே பாடினார். ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டியின் கேள்விதான் மனதில் ஓடியது.

டீப் பர்ப்பிளின் ஸ்மோக் ஆன் த வாட்டர் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். கிடார் வாங்கிய பையன் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்ப்பது அதைத்தான். பாட்டில் சொல்வது நடந்த கதை. சுவிட்சர்லாந்தில் மோன்த்ரூ என்று ஒரு ஊர். ஏரி, மலை, குளிர், சீசன் கூட்டம், எல்லாம் நம் ஊட்டி மாதிரியே. 1971 டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரியில் கூட்டத்திலிருந்து யாரோ தீப்பொறித் துப்பாக்கியால் சுட, காசினோ அரங்கு முழுக்க எரிந்து போனது. அங்கே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் ஏரியின் மேல் பரவிய புகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறொரு அரங்குக்குப் போனார்கள், சத்தம் தாங்கவில்லை என்று போலீஸ் வந்தது. கடைசியில் என்ன செய்தார்கள்? குளிர்காலம் என்பதால் மூடிக் கிடந்த ஒரு ஓட்டலைப் பிடித்து, நடைபாதையில் மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி அங்கேயே வாசித்துப் பதிவு செய்தார்கள். 1972இல் வந்த மெஷின் ஹெட் ஆல்பம் அப்படிப் பிறந்தது. தீயிலிருந்து பிள்ளைகளை வெளியே இழுத்துக் காப்பாற்றியதாகப் பாட்டில் வருகிறாரே கிளாட், அவர் கிளாட் நோப்ஸ். அந்த ஊர் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1967இல் அவர் தொடங்கிய இசை விழாவுக்கு இன்றைக்கும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

நம் ஊரிலும் ஒரு மண்டபம் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. எது என்று உங்களுக்கே தெரியும். போன வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேடை மரம் நன்றாக இருக்கிறது, ஒரு மூலையில்தான் ஒழுகுகிறது. மூட மூட ரோகம். இங்கே கிடார், டிரம்ஸ் வாசிக்கிற பிள்ளைகள் கோயம்புத்தூர் போய் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பழகுகிறார்கள். கோத்தர் வாத்தியக்காரர்கள் விழாவில் விருந்தினர் வரும்போது வாசலில் நின்று வாசித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு மேடையில் ஒரு முழு மணி நேரம் யார் கொடுத்திருக்கிறோம்?

அம்மா, நான் கேட்பது இதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லாட்ஜ்கள் காலியாக இருக்கும் மழை மாதங்களில், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், அந்த மண்டபத்தைத் திறந்து விடுங்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், நாங்கள் எட்டு மணிக்கே முடித்துக்கொள்கிறோம். கூரையை நாங்களே பணம் போட்டு அடைக்கிறோம். த்ரீ ஃபேஸ் கரண்ட் இணைப்பு மட்டும் நகராட்சி செய்து தர வேண்டும்.

மனு டீ மேசையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். பின்னால் பிள்ளைகள் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், காதில் விழுகிறது. நான் இறங்குகிறேன், அவர்கள் வாசிக்கட்டும்.