கேள்வித்தாளை நீங்களே எழுதுகிறீர்கள்

வணக்கம். ரெஸ்யூமே கொண்டுவந்திருப்பவர்கள் அதை வெளியே எடுத்து மடியில் வையுங்கள். ஒரு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பேசப் பேச அடித்துக்கொண்டே வரலாம்.

ரெஸ்யூமே எழுதுவது ஒரு வேலை, இன்டர்வியூவுக்குத் தயாராவது வேறொரு வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். அங்கேதான் சறுக்கல். எதிரே உட்காருபவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு தாள்தான். அதையும் பல நேரம், உங்களுக்கு முன்னால் போனவர் எழுந்து வெளியே வரும் இடைவெளியில்தான் புரட்டுகிறார். எந்த வரி கண்ணில் படுகிறதோ அதிலிருந்துதான் கேள்வி. ஆக, தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் வாய்ப்பு உங்களுக்கே கிடைக்கிறது. அதைப் பக்கத்து அறை நண்பனின் ஃபைலிலிருந்து காப்பியடித்தால் அவனுக்குத் தெரிந்த கேள்விகள்தான் உங்களிடம் வரும்.

தாளின் தலைப்பகுதியைப் பாருங்கள். ‘சேலஞ்சிங் பொசிஷன் இன் எ ரெப்யூட்டட் ஆர்கனைசேஷன்’ என்று மூன்று வரி இருக்கிறதா? அடியுங்கள். தாளில் மிக விலையுள்ள இடம் அது. அங்கே போட வேண்டியது இப்படி: ‘மெக்கானிக்கல் டிப்ளமோ, 2024. சிஎன்சி டர்னிங்கில் 14 மாதம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குத் தயார்.’ சிஎன்சி டர்னிங் என்றால் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் லேத்தில் கடைவது. படிப்பவருக்கு வேண்டியது மூன்றும் முதல் பார்வையிலேயே வந்துவிட்டது. அப்பா பெயர், மதம், திருமண நிலை, கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழி, இவையெல்லாம் பழைய பயோடேட்டா பழக்கம். கேட்டால் தவிர வேண்டாம். புதியவருக்கு ஒரு பக்கம் போதும்.

அனுபவம் எழுதும் இடத்தில் கொஞ்சம் நிற்போம். ‘ரெஸ்பான்சிபிள் ஃபார் புரொடக்‌ஷன்’ என்று ஒரு தம்பி எழுதுகிறார். அதிலிருந்து என்ன கேட்பது? ‘என்ன பண்ணீங்க?’ என்று பொதுவாகக் கேட்பார்கள். பதிலும் பொதுவாகத்தான் வரும். அதே வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘8 மணி நேர ஷிஃப்டில் இரண்டு சிஎன்சி லேத். ஷாஃப்ட் டர்னிங். முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து டூல் ஆஃப்செட் திருத்துவது என் பொறுப்பு.’ இப்போது கேள்வி தானாக வரும். மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுன்ட், அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு என்ன? சாதாரண மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ., வெர்னியரில் 0.02. ‘விட்டம் 25.00 வேண்டும், 25.04 வருகிறது, என்ன செய்வீர்கள்?’ எக்ஸ் வேர் ஆஃப்செட்டில், அதாவது டூல் தேய்மானத்துக்காக விட்டத்தைத் திருத்தப் போடும் எண்ணில், மைனஸ் 0.04. புரோகிராம் விட்டக் கணக்கில் ஓடுவதால் பெரும்பாலான கன்ட்ரோலில் அதைப் பாதியாக்கக் கூடாது. மெஷின் முன்னால் நின்றவருக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் வரும். நிற்காதவர் 0.02 என்பார். மாட்டிக்கொள்வார்.

பி.காம் படித்தவர்களுக்கும் இதே கணக்குதான். ‘டேலி தெரியும்’ என்பதோடு நிறுத்தாமல், மாதம் எத்தனை பில் போட்டீர்கள், எந்த ரிட்டனுக்கு டேட்டா எடுத்துக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஜிஎஸ்டி ரிட்டனில் ஜிஎஸ்டிஆர்-1 என்பது விற்பனை விவரம், ஜிஎஸ்டிஆர்-3பி என்பது சுருக்கமும் வரி கட்டுவதும். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு முன்னது அடுத்த மாதம் 11ஆம் தேதி, பின்னது 20ஆம் தேதி. இதை மூன்று நிமிடம் விரித்துச் சொல்ல முடிந்தால் அந்த வரி தாளில் இருக்கட்டும். சொல்ல முடியாத ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இப்போதே ஒரு புள்ளி வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் படியுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

கடைசி வருட பிராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம், நான் கை தூக்கச் சொல்லவில்லை. ‘எது முதலில் வேலை செய்யாமல் போனது?’ என்ற ஒரே கேள்வியில் அது வெளுத்துவிடும். செய்தவனிடம் எரிந்துபோன சென்சார் ஒன்றாவது இருக்கும். வாங்கியதுதான் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, அதைப் பிரித்து மறுபடி கோர்த்துப் பாருங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். மார்க் ஷீட்டில் ‘கு. செல்வி’, பான் கார்டில் ‘செல்வி குமார்’, ஆதாரில் ‘குமார் செல்வி’. கம்பெனி விண்ணப்பம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். ஒருவர் ‘கு’ என்று ஒற்றை எழுத்தைப் போட, அதை ஏற்காமல் திரும்பத் திரும்பச் சிவப்பு காட்டும். ரெஸ்யூமேயில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி எழுதுங்கள். இரண்டு கட்டம் உள்ள இடத்தில் பான் கார்டில் உள்ளபடி விரித்து எழுதுங்கள். ஆதாரும் பானும் ஒத்துப்போகவில்லை என்றால் வேலை கிடைத்த பிறகு பி.எஃப். கணக்கில் அது வந்து நிற்கும். இப்போதே திருத்திவிடுங்கள். பி.எஃப். பற்றிப் பேசும்போதே இன்னொன்று: முன்பு வேலை பார்த்த இடமும் சேர்ந்த, விலகிய தேதிகளும் அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும். இல்லாத அனுபவத்தை ஆறு மாதம் நீட்டி எழுதுபவர்கள் அங்கேதான் அகப்படுகிறார்கள்.

ஃபைலை பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். பெரிய கம்பெனிகளில் முதலில் படிப்பது சாஃப்ட்வேர். இரண்டு பத்தியாகப் பிரித்த அழகான டெம்ப்ளேட்டில் இடதுபக்க வரியும் வலதுபக்க வரியும் கலந்து குழம்பும். ஸ்கில்லுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் போட்டால் அதற்கு ஒன்றும் புரியாது, மனிதருக்கும் புரியாது.

இன்டர்வியூ நாள். அழைப்பில் ‘அம்பத்தூர் எஸ்டேட்’ என்றிருந்தால் பலர் அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறார்கள். எஸ்டேட்டுக்குப் பக்கம் பட்டரவாக்கம். டைடல் பார்க்குக்குத் திருவான்மியூர் பறக்கும் ரயில். அங்கிருந்து சோழிங்கநல்லூர், சிறுசேரி என்றால் காலை நேரக் கணக்கில் ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

உள்ளே போனதும் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’. ‘மைசெல்ஃப்’ என்று தொடங்க வேண்டாம், அப்பா அம்மா தொழிலும் வேண்டாம். படிப்பு ஒரு வரி, செய்த வேலை மூன்று வரி, இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் ஒரு வரி. 90 விநாடி போதும். நடு மூன்று வரியில் எதைச் சொல்கிறீர்களோ அதிலிருந்துதான் அடுத்த கேள்வி வரும், மறக்காதீர்கள். அரியர் இருந்ததா என்று கேட்டால் எத்தனை, எப்போது முடித்தீர்கள் என்று சொல்லி நிறுத்துங்கள். பேராசிரியரைக் குறை சொல்ல ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே சிக்கிவிடும்.

சம்பளம். சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. ஆண்டுக்கு 3,60,000 சிடிசி என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். ஒரு கணக்கு போடுவோம். அந்த 30,000-இல் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000. கழிவது இவை: கம்பெனி பங்கு பி.எஃப். 12 சதவீதம், 1,800. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், சுமார் 722. வேரியபிள், அதாவது வேலையைப் பொறுத்து மாறும் பகுதி, 3,000 என்று வையுங்கள். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. 30,000-இல் இவை போக மிச்சம் 22,678. இன்ஷூரன்ஸ், தொழில் வரி இன்னும் கழியவில்லை. ஆகவே ‘ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, பாண்ட் உண்டா?’ என்று ஆஃபர் லெட்டருக்கு முன்பே பணிவாகக் கேளுங்கள். பாண்ட் என்றால் இத்தனை காலம் விலகக் கூடாது என்ற ஒப்பந்தம். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், அவர்களிடமே விட்டுவிட்டு வராதீர்கள். டெபாசிட், டிரெய்னிங் கட்டணம் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்று செய்வோம். மடியில் இருக்கும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அதில் உள்ள போன் நம்பரைப் பார்த்து அவர் அடிக்கட்டும். யார் போன் அடிக்கவில்லையோ அவர் முதல் வரிசைக்கு வாருங்கள், திருத்திவிட்டுத் தொடர்வோம்.