டீ குடிச்சிட்டு வா

வணக்கம். முப்பது வருஷம் தையல் கடை நடத்தியவன் நான். பேண்ட் தைப்பதைப் பற்றிப் பேசப் போவதில்லை. தைத்துக் கொடுத்த காட்டன் பேண்டை வீட்டில் பெட்டி போடுகிறேன் என்று என்ன பாடு படுத்துகிறீர்கள், அதைப் பற்றித்தான்.

பருத்தி சூட்டுக்கு மட்டும் மசியாது, தண்ணீருக்குத்தான் மசியும். காய்ந்த துணியில் இழைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஈரம் பட்டால் பிடி தளரும். அந்த நேரத்தில் பெட்டியால் நேராக்கிக் காயவைத்தால் நேராகவே நிற்கும்.

என் கடைக்கு எதிரே தள்ளுவண்டியில் ஒரு பெரியவர் கரிப்பெட்டி வைத்துத் தேய்ப்பார். சொம்பிலிருந்து தண்ணீரை அள்ளி உதறுவார், பேண்டைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுவார். "எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே?" என்றால், "டீ குடிச்சிட்டு வா" என்பார். ஈரம் துணி முழுக்கப் பரவ வேண்டும் அல்லவா?

நான் அதைக் கேட்டிருக்கலாம். எனக்குப் பெண் பார்க்கப் போன அன்று ஒரே அவசரம். சந்தன நிறக் காட்டன் பேண்ட். கடையில் இருந்த கரண்ட் பெட்டியை முழுச்சூட்டில் வைத்துக் காய்ந்த துணியிலேயே அழுத்தினேன். சுருக்கம் அப்படியே இருக்கிறது, பாக்கெட்டின் விளிம்பு மட்டும் தொடையில் பிறை மாதிரி அச்சாகிவிட்டது! வலது காலில் தண்டவாளம் போல இரண்டு மடிப்புக் கோடு வேறு. மாமனார் மெதுவாகக் கேட்டாராம், "மாப்பிள்ளை டெய்லர்னுதானே சொன்னாங்க?"

அந்தப் பிறை விழாமலிருக்க, பாக்கெட் துணியை வெளியே இழுத்துப் போட்டு முதலில் அதைத் தேயுங்கள். அப்புறம் இடுப்புப் பட்டி. காலுக்கு வரும்போது உள்தையலும் வெளித்தையலும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரட்டும், கோடு தானாகச் சரியான இடத்தில் விழும். கறுப்பு, நேவி நிறமென்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பித் தேயுங்கள், இல்லாவிட்டால் பளபளப்பு ஏறிவிடும். உள்ளே தைத்திருக்கும் லேபிளில் பெட்டிப் படத்துக்குள் மூன்று புள்ளி இருந்தால் 200 டிகிரி வரை தாங்கும். லைக்ரா கலந்த பேண்ட் அவ்வளவு தாங்காது.

இதைவிடச் சுலபம், கொடியிலிருந்து முழுக்கக் காயுமுன் எடுத்துவிடுவது. ஈரம், ஈரம் என்று இவன் ஏன் இதையே சொல்கிறான் என்று நினைக்காதீர்கள், விஷயமே அதுதான். காயப்போடும்போது காலின் நுனியில் கிளிப் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இடுப்புப் பட்டியின் கனமே பாதிச் சுருக்கத்தை இழுத்துவிடும்.

கஞ்சி போடுவதைப் பற்றித் தனியாகவே சொல்லவேண்டும் என்று வந்தேன், ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று ஒரு விரலைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கஞ்சி நீர்க்க இருக்கட்டும், வடிகட்டிப் போடுங்கள். மொடமொடப்பு அதிகமானால் முட்டி மடியும் இடத்தில் நூல் விட்டுப்போகும். கஞ்சி போட்டதை மாசக்கணக்கில் பீரோவில் வைக்காதீர்கள், பூச்சி அரிக்கும். தேய்த்த சூட்டோடு காலை நுழைக்கவும் வேண்டாம், முட்டியில் உடனே சுருக்கம் விழும். ஐந்து நிமிஷம் தொங்கட்டும். சரி, விரலை மடக்கிவிட்டார்கள். வணக்கம்.