வாய மூடிட்டு பாக்கற பாடம்

வணக்கம். மனுஷங்க கம்ப்யூட்டரோட எப்படி பொழங்குறாங்க, அவங்களுக்கு தோதா சாஃப்ட்வேர எப்படி டிசைன் பண்றதுங்கற படிப்ப எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேக்கறவங்க பாதி பேர் ஸ்க்ரீன் டிசைன் பண்ற சாஃப்ட்வேர் ஃபிக்மாவ கத்துக்கட்டுமா, எந்த கலர் வைக்கட்டும்னுதான் கேக்கறாங்க. அதெல்லாம் அப்பறம். முதல்ல ஒருத்தர் பக்கத்துல உக்காந்து, அவர் உங்க ஆப்பை பயன்படுத்தறத வாய மூடிட்டு பாக்கணும்.

"பாஸ்வேர்ட மாத்துங்க"ன்னு ஒரு வேலைய குடுங்க, மனசுல ஓடறத சத்தமா சொல்லிக்கிட்டே செய்ய சொல்லுங்க. அவர் ப்ரொஃபைலுக்குள்ள போவார், திரும்பி வருவார், மூலைல இருக்கற பல்சக்கர ஐகான் கிட்ட விரல் போகும் ஆனா அழுத்த மாட்டார், கேட்டா "இது வேற எதுக்கோன்னு நெனச்சேன்"ம்பார். "அதேதாங்க!"ன்னு உங்களுக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். சொல்லிட்டீங்கன்னா டெஸ்ட் போச்சு, நாளைக்கு ஆப்பை டவுன்லோட் பண்ற ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய் நீங்க உக்காரப் போறீங்களா என்ன?

இதுல என்ன புதுசு, தெரிஞ்ச கதைதானேன்னு தோணும். 1985ல ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் ஜான் கோல்டும் க்ளேட்டன் லூயிஸும் மூணு விஷயம் எழுதினாங்க: ஆரம்பத்துலேர்ந்தே பயனர்கள கவனி, அவங்க நெசமா பயன்படுத்தறத அளந்து பாரு, திருத்தி மறுபடி டெஸ்ட் பண்ணு. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு சொன்னவங்களும் இருந்தாங்க. ஆனா ஒரு சிஸ்டத்த உருவாக்க என்னென்ன செய்யணும்னு 447 பேர எழுத சொன்னப்போ மூணையும் எழுதினவங்க வெறும் 16 சதவீதம். அத்தன பேரும் இதே தொழில்ல இருக்கறவங்க!

ப்ரோகிராம் எழுதி முடிக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஸ்க்ரீன பேப்பர்ல வரைஞ்சு நீட்டுங்க, அவர் விரல வெச்சதும் அடுத்த பேப்பர மாத்துங்க, போதும். சொல்லப்போனா அழகா இருந்தா கொற சொல்ல தயங்குவாங்க, கிறுக்கலா இருந்தா தாராளமா திட்டுவாங்க.

எத்தன பேரு வேணும்? டெஸ்ட் பண்ண 5 பேர் போதும்னு யூசபிலிட்டி (பயன்படுத்த சுலபமா இருக்கா) நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொன்னத எல்லாரும் பிடிச்சுக்கறாங்க, ஆனா அவர் சொன்னது 5 பேரோட பாத்து, சரி பண்ணி, திரும்ப வேற 5 பேரோட பாக்கறது. முதல் பாதிய மட்டும் வசதியா ஞாபகம் வெச்சிருக்கோம்.

அப்பறம் நோட்ஸ். "குழம்பினார்"னு எழுதாதீங்க, அது உங்க தீர்ப்பு. "சேவ் பட்டன மூணு தடவ அழுத்தினார், மேல வந்த மெசேஜ பாக்கல"ன்னு எழுதுங்க, எத திருத்தணும்னு அந்த வரியே காட்டிடும்.