சத்தம் கேட்காத ஜெபம்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்புக்குரிய போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூப்பர்களே, வாழ்த்துரை வழங்கிய பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மா அவர்களே, காலையிலிருந்து நின்றுகொண்டே பாடிய பாடகர் குழுப் பிள்ளைகளே, என் அன்பான சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எப்போது ஜெபிப்பது, எப்படி ஜெபிப்பது என்று இரண்டு காரியங்களைப் பேச வந்திருக்கிறேன்.

எப்போது? தானியேல் தினமும் மூன்று வேளை முழங்கால்படியிட்டார். நம் ஆண்டவரோ இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போனார் என்று மாற்கு எழுதுகிறார். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்று அடிக்கடி சொல்வேன். ஜெபமும் அப்படித்தான். மனசு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மனசு வரவே வராது.

சரி, எப்படி? இங்கேதான் வேதத்தில் வருகிற அன்னாளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பிள்ளையில்லாத பெண். புருஷனுடைய இன்னொரு மனைவி பெனின்னாள் வருஷாவருஷம் குத்திக்காட்டுவாள். புருஷன் எல்க்கானா, "பத்துக் குமாரரைப் பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்கிறார். பாசமான மனுஷர்தான், ஆனாலும் அவள் வலி அவருக்குப் புரியவில்லை. அவள் சாப்பிடாமல் அழுகிறாள். அப்புறம் எழுந்து சீலோவிலே ஆலயத்துக்குப் போகிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. வாசல்நிலை ஓரமாக உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார்! ஜெபத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு, கண்ணெதிரே நடந்த ஜெபம் தெரியவில்லை. அவளோ கோபப்படாமல், "கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்கிறாள். போய்ச் சாப்பிட்டாள், அதற்குப்பின் துக்கமுகமாயிருக்கவில்லை என்று வேதம் சொல்கிறது. கவனியுங்கள், பின்னால் அவளுக்குப் பிறந்த மகன் சாமுவேல் இன்னும் கருவில்கூட இல்லை. வீட்டில் பெனின்னாள் அப்படியேதான் இருக்கிறாள். முகம் மட்டும் மாறிவிட்டது.

எலியா தீர்க்கதரிசிக்கும் காற்றிலே, பூமியதிர்ச்சியிலே, அக்கினியிலே கர்த்தர் இல்லை. அதற்குப் பின்னால்தான் அமர்ந்த மெல்லிய சத்தம் வந்தது. நம் ஆராதனையிலோ சத்தம் நின்றால் பயந்துவிடுகிறோம். ஒரு ஜெபம் முடிவதற்குள் கீபோர்டு தொடங்கிவிடுகிறது. வாயைத் திறக்க முடியாத துக்கத்தோடு வந்த அன்னாள்கள் எங்கே ஜெபிப்பார்கள்?

அதனால்தான் போகிற கூட்டத்திலெல்லாம் இதையே கேட்கிறேன். ஒவ்வொரு ஆராதனையிலும் 2 நிமிஷம், பாட்டு இல்லாமல், இசை இல்லாமல், மைக் இல்லாமல் விடுங்கள். வீட்டு ஜெபத்திலும் விடுங்கள். முதல் வாரம் மனசு எங்கெங்கோ ஓடும், பிள்ளைகள் நெளிவார்கள். சித்திரமும் கைப்பழக்கம், மௌனமும் பழக்கம்தான்.

போதகர் ஐயா அனுமதித்தால் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். ஐயா தலையசைக்கிறார், மிக்க நன்றி. எல்லாரும் எழுந்து நிற்போம். மைக்கை அணைக்கிறேன்.