நாவாட்டல் பேசும் ஊரில் குறுக்கே நடப்பது எப்படி?

[திரையில்: கள்ளி வயல், ஒரு குறுகிய சந்து]

வணக்கம். மெக்சிகோ நகரத்தின் தெற்கு ஓரத்தில் மில்பா ஆல்தா என்று ஒரு பகுதி இருக்கிறது. கணக்குக்குத் தலைநகரம், கண்ணுக்குக் கிராமம். சுற்றிலும் நோப்பால் என்கிற சப்பாத்திக்கள்ளி வயல்கள். அதன் மடலை முள் சீவி, கறியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அங்கே ஒரு சந்தில் இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடுவில் புகுந்துதான் போக வேண்டும். அப்போது நாவாட்டலில், அதாவது மெக்சிகோவின் ஒரு பழங்குடி மொழியில், சொல்ல வேண்டிய சொல்: "மிஷ்பான்த்சின்கோ". பதிலுக்கு அவர்கள் "ஷிமோபனோல்த்தி" என்பார்கள். "கடந்து போங்கள்" என்று அர்த்தம்.

[திரையில்: சொல் துண்டு துண்டாகப் பிரிகிறது]

முதல் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். "ம்" என்றால் உங்கள். "இஷ்" முகம். "பான்" மேலே, முன்னே. "த்சின்" மரியாதை. கடைசி "கோ" இடத்தைக் காட்டுவது. மொத்தமாகச் சேர்த்தால், "தங்கள் திருமுகத்தின் முன்னே". இதில் மன்னிப்பும் இல்லை, "வழி விடுங்க" என்ற கேட்பும் இல்லை. உங்கள் முகத்துக்கு முன்னால் நிற்கிறேன் என்று தெரியப்படுத்துகிறோம், அவ்வளவுதான். மிச்சத்தை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அந்த "த்சின்" மேல் ஒரு கண் வையுங்கள். 1519இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸுக்கு மொழிபெயர்ப்பாளராக ஒரு பெண் சேர்ந்தார். அவருக்கு வைத்த கிறிஸ்தவப் பெயர் மரினா. நாவாட்டலில் "ர" ஒலி கிடையாது, அதனால் மலினா. மரியாதைக்கு த்சின் சேர்த்து மலின்த்சின். அது ஸ்பானியர் வாயில் மலின்ச்சே ஆனது. இன்றைக்கு மெக்சிகோவில் சொந்த நாட்டுப் பொருளை இளப்பமாக நினைத்து வெளிநாட்டு மோகத்தில் திரிபவரை "மலின்ச்சிஸ்தா" என்று திட்டுகிறார்கள். திட்டுக்கு உள்ளே ஒரு மரியாதை விகுதி உட்கார்ந்திருப்பது பலருக்குத் தெரியாது.

சரி, பெயருக்கு மட்டும் மரியாதை போதுமா? போதாது. வினைச்சொல்லும் மாற வேண்டும். "எங்கே போகிறாய்?" என்பதற்கு "காம்பா தியாவ்?" பெரியவரிடம் அதையே "காம்பா திமோவீகா?" என்று கேட்க வேண்டும். சொல்லுக்குச் சொல் பார்த்தால், "தங்களைத் தாங்களே எங்கே அழைத்துச் செல்கிறீர்கள்?" நாம் சாமி வந்தார் என்று சொல்லாமல் எழுந்தருளினார் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. அங்கே அது தெருவில் நடக்கும் தாத்தாவுக்கும் உண்டு. ஆனால் இந்த உருவத்தை உங்களுக்கே போட்டுக்கொள்ளக் கூடாது. "நான் எழுந்தருளுகிறேன்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

[திரையில்: மலின்ச்சே எரிமலை]

அப்புறம், கொம்பாத்ரே உறவு. ஒருவருடைய குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நீங்கள் ஞானப்பெற்றோராக நின்றால், அந்தத் தகப்பனும் நீங்களும் கொம்பாத்ரே. அதோடு வாடா போடா முடிந்தது. சின்ன வயதில் ஒன்றாகச் சுற்றியவர்களாக இருந்தாலும் சரி, இனி கேலி கிண்டலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பழைய சினேகிதர்கள் சம்பந்தி ஆனதும் திடீரென்று "வாங்க, உட்காருங்க" என்று விறைத்துப் போவார்களே, அதே கதைதான். பூவெப்லா, ட்லாஷ்காலா மாநிலங்களுக்கு நடுவே மலின்ச்சே எரிமலை இருக்கிறது. (ஆமாம், மலைக்கும் அதே பெயர்!) அதைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த உறவுக்கென்றே தனி இலக்கணம் உண்டு. "நீங்கள்" என்பதைக் குறிக்கும் "தி"யே விழுந்துவிடும். எதிரில் நிற்பவரிடமே படர்க்கையில் பேசுவார்கள். "திமோவீகா" போய் "மோவீகா". "கொம்பாத்ரே எங்கே செல்கிறார்?" என்று அவர் முகத்தைப் பார்த்தே கேட்பது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு நேராக வாஸ்தேக்கா பக்கம், அதாவது இதால்கோ, வேராக்ருஸ் மாநிலங்களின் வடக்குப் பகுதிக்குப் போனால் ஏமாந்து போவீர்கள். அங்கேயும் நாவாட்டல்தான். ஆனால் இந்த மரியாதை வினைகள் அன்றாடப் பேச்சில் இல்லை. நீங்கள் பேசுவது செந்தமிழில் டீ கேட்ட மாதிரி இருக்கும். மற்ற இடங்களில் ஆமாம் "கேமா", இல்லை "ஆமோ" என்றால் இங்கே "கேனா", "அஷ்கானா". வணக்கத்துக்கு "பியாலி". மெக்சிகோவின் 2020 கணக்கெடுப்பில் நாவாட்டல் பேசுவோர் சுமார் 16.5 லட்சம் பேர். அரசின் மொழிப் பட்டியலில் வட்டார வகைகள் மட்டும் 30. ஆக, எந்த ஊர் என்று தெரிந்துகொண்டு வாயைத் திறப்பது நல்லது. பல ஊர்களில் மொழியின் பெயரே வேறு, "மெக்சிகானோ பேசுவீர்களா?" என்று கேட்டால்தான் சட்டென்று புரியும்.

வாஸ்தேக்காவில் மரியாதை உறவுமுறையில் இருக்கிறது. வயதில் மூத்த ஆண் "ட்லாயி", அதாவது மாமா, சித்தப்பா மாதிரி. மூத்த பெண் "ஆவி", அதாவது அத்தை. பயந்துவிடாதீர்கள். அதோடு, உறவுச் சொல்லை மொட்டையாகச் சொல்வது வழக்கமில்லை. யாருடைய அம்மா என்பது சொல்லுக்குள்ளேயே வர வேண்டும்: "நோநான்" என் அம்மா, "மோநான்" உன் அம்மா, "இநான்" அவருடைய அம்மா. சங்கத் தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. எந்தை, நுந்தை, தந்தை என்று நம்மிடமும் இருந்ததுதான். நாம் தந்தையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் புலவர்களிடம் விட்டுவிட்டோம்.

[திரையில்: திறந்த கதவு, உள்ளே ஒரு நாற்காலி]

கடைசியாக, மில்பா ஆல்தா பக்கமே திரும்புவோம். ஒரு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். வீட்டம்மா "ஷிமோபனோல்த்தி" என்கிறார். ஆமாம், சந்தில் கேட்ட அதே சொல்; வாசலில் அதற்கு "உள்ளே வாங்க" என்று அர்த்தம். கூடவே "நிக்கான் மோச்சான்த்சின்கோ" என்கிறார். இது தங்களுடைய வீடு என்று பொருள். நம் வீட்டைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று முழிக்காதீர்கள். அவர் சொல்வது அவருடைய வீட்டைத்தான். "ட்லாசோகமாதி", நன்றி, என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். உடனே உட்கார வேண்டாம். "ஷிமோட்லாலி" என்று சொல்வார். அப்போது உட்காரலாம்.